ஜெனரல் மேசையிலிருந்து விழுந்த விவகாரம்

உலகத்தில் நியாயம் செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களைக் கையைப் பிடித்து அந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு அழைத்துப் போக வேண்டும். அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் போக வேண்டும். மற்ற நாட்களில் போனால் புலம்பல் அதிகமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கூட்ட அறையின் நீள மேசைமேல் பச்சைத் துணி விரிக்கப்படும். அதன்மேல் பஞ்சு மரங்கள், அட்டைச் சுவர்கள், காகிதக்கூழில் செய்த ஒரு குன்று, சிவப்புக் கூரை போட்ட ஒரு சின்ன அட்டை வீடு எல்லாம் வந்து உட்காரும். நடுவில் விரல் உயரப் படைவீரர்கள் எதிரும் புதிருமாக அணிவகுப்பார்கள். அவர்களைப் பொம்மை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. புதிதாகச் சேர்ந்த தட்டச்சர் ஒருவர் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டு, இன்றுவரை பழைய கோப்புக் கிடங்கில் தும்மிக்கொண்டிருக்கிறார். அவை ‘சிற்றுருக்கள்’. அவற்றுக்கென்று தடித்த விதிநூல் உண்டு. விதிநூலில் தெளிவில்லாத இடம் வந்தால் கூடிப் பேசி முடிவு சொல்ல ‘விதி விளக்கக் குழு’ ஒன்றும் உண்டு.

இந்தப் புண்ணியத் தலத்துக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை நம் பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பெட்டி பிஸ்கட், மனதில் ஒரே ஒரு பிரார்த்தனை. எப்படியாவது தோற்றுவிட வேண்டும்.

அதற்குக் காரணம் அவருடைய கூரை. போன மழைக்கு முன்னால் அடித்த காற்று பேக்கரியின் தகரக் கூரையை அப்படியே பெயர்த்து, தெருவைத் தாண்டி, காலி மனையில் கொண்டுபோய்ப் போட்டது. அவர் அதற்காக அழவில்லை. காற்றினால் கூரைக்குச் சேதம் வந்தால் புதுக் கூரை போட்டுத் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் சொல்லியிருந்தது. வருடம் தவறாமல் தவணை கட்டியவர் ஆயிற்றே, நிம்மதியாகவே இருந்தார்.

அலுவலகத்திலிருந்து சர்வேயர் வந்தார். எதிர்ச் சாரியில் ஸ்கூட்டரை நிறுத்தி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், கூரை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இங்க ஒண்ணும் இல்லையே” என்றார்.

“அதான் சார் பிரச்சினை” என்றார் பேக்கரிக்காரர்.

“ஒண்ணும் இல்லாத இடத்துல நான் எதைப் பார்வையிடறது?” என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிறகு அலுவலகம் தன் முடிவைத் தெரிவித்தது. காற்று கூரையைத் தூக்கியது உண்மைதான், ஆனால் சேதப்படுத்தவில்லை. காற்றில் பறந்தவரை கூரை முழுசாகத்தான் இருந்தது. நெளிந்ததும் கிழிந்ததும் தரையில் மோதிய பிறகு. தரை என்பது காப்பீட்டில் சேராது. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

இந்த அற்புதமான முடிவை எழுதியவர் வேறு யாருமல்ல, பேக்கரிக்காரரின் சொந்தத் தங்கை புருஷன். அந்த அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவு எழுத்தர் அவர். விதி விளக்கக் குழுவின் செயலாளரும் அவரே.

“மச்சான், தப்பா நினைச்சுக்காதீங்க” என்றார் வீட்டுக்கே வந்து. “எழுதினது நான்தான். யோசிச்சது ஆபீஸ்.”

“கை உங்களோடதுதானே, மாப்பிள்ளை?”

“பத்துல இருந்து அஞ்சு வரைக்கும் அதுவும் ஆபீஸோடதுதான்.”

மேல்முறையீடு கிளை மேலாளரின் மேசைக்குப் போயிற்று. பேக்கரியின் செங்கல் அடுப்புக்கு மேலே இப்போது ஒரு தார்ப்பாய்தான். அடுத்த மழைக்கு அது தாங்காது. ஈரம் ஏறிய அடுப்பை மூட்டினால் செங்கல் வெடித்துவிடும். அடுப்பு போனால் கடை போச்சு, கடையை நம்பியிருக்கிற வேலையாட்களும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது.

வழி சொன்னவள் தங்கைதான். “அண்ணா, மேலாளர் தங்கமான மனுஷன். ஆனா வெள்ளிக்கிழமை ஜெயிச்சாதான் தங்கம். ஜெயிச்சாருன்னா திங்கக்கிழமை வந்ததும் கையெழுத்தாப் போட்டுத் தள்ளுவாராம். தோத்துட்டா வாரம் பூரா ஒரு ஃபைலையும் தொட மாட்டாராம். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி உன்னை ஆட்டத்துல சேர்த்து விடறேன். நீ போய்த் தோத்துட்டு வா.”

“எனக்கு ஆடவே தெரியாதேம்மா.”

“அதானே வேணும்.”

தோற்பது சுலபம் என்றுதான் அவரும் நினைத்தார். விதிகளும் எளிமையானவைதான். எதிரியின் பக்கத்தில் போய் நின்றால் அடிக்கலாம். அடிக்கப் பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் அடி பட்டது என்று அர்த்தம். அடிபட்டவன் தடுக்கத் தன் பகடையை உருட்டுவான். அவனுக்கும் ஐந்தோ ஆறோ விழுந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் செத்தான்.

பேக்கரிக்காரர் தன் வில்வீரர்களைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார். ஈட்டிக்காரர்களைச் சதுப்பு நிலத்தில் இறக்கினார். மேலாளர் முகத்தில் வெளிச்சம் பரவியது. ஆனால் உருட்டும்போதெல்லாம் இந்தப் பாழாய்ப்போன பகடையில் ஆறு, ஆறு என்றே விழுந்தது. சதுப்பில் சிக்கிய ஈட்டிக்காரர்கள் மேலாளரின் காலாட்படையைச் சேற்றில் நின்றபடியே காலி செய்தார்கள். பகடைக்கு அவருடைய கூரை விஷயம் தெரியாதே.

“முதல் தடவைன்னு சொன்னீங்க” என்றார் மேலாளர். குரலில் தங்கம் குறைந்துகொண்டே வந்தது.

“சத்தியமா முதல் தடவைதான் சார். மன்னிச்சிடுங்க.”

கடைசி முயற்சியாக, மிச்சமிருந்த குதிரைப்படையை மொத்தமாகக் குன்றின் மேலே ஏற்றினார். உச்சியில் மேலாளரின் ஜெனரல் நின்றிருந்தார். ஈயத்தில் வார்த்து, மேலாளரே ஒற்றை மயிர்த் தூரிகையால் மீசை வரைந்த ஜெனரல். அவர் தலைபோனால் ஆட்டம் முடிந்தது. மேலாளர் ஆட்டத்தில் தோற்ற நாட்களில்கூட அந்த ஜெனரல் செத்ததில்லை. மலையேறிப் போய் அவரை அடிப்பது சுத்தத் தற்கொலை என்று விதிநூலே சொல்கிறது. பேக்கரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.

ஆறு.

மேலாளருக்குக் குப்பென்று வியர்த்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். வெளியே மழைக் காற்று இதற்காகவே காத்திருந்தது போலிருக்கிறது. ஒரே வீச்சில் உள்ளே நுழைந்து, அட்டை வீட்டின் சிவப்புக் கூரையைக் கிளப்பி, ஜெனரலைக் குன்றிலிருந்து உருட்டித் தரையில் தள்ளியது. ஜெனரலின் வாள் முறிந்துபோனது.

அடி பட்டாயிற்று. தடுக்கிற பகடை இன்னும் உருட்டப்படவில்லை. அதற்குள் ஜெனரல் களத்திலேயே இல்லை. செத்தாரா, இல்லையா?

மேலாளர், சர்வேயர், மாப்பிள்ளை மூவரும் அடங்கிய விதி விளக்கக் குழு உடனே கூடியது. அப்போது நீங்கள் சர்வேயரைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் போட்டுத் தரையில் படுத்து, கன்னத்தைத் தரையோடு தரையாக ஒட்டி, டார்ச் அடித்து ஜெனரல் கிடந்த கோணத்தைப் பார்த்தார். எஃகு நாடாவால் அளந்தார். முறிந்த வாளின் நுனியைக் கைக்குட்டையில் எடுத்து மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். அந்த மனிதருக்கு இவ்வளவு கூர்மையான கண் இருப்பது பேக்கரிக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“ஜன்னலைத் திறந்தது யாருங்கறதையும் பார்க்கணும்” என்று ஆரம்பித்தார் சர்வேயர்.

மேலாளர் அவரைப் பார்த்தார்.

“ஜன்னல் தானாத் திறந்துக்கிச்சு” என்று முடித்தார் சர்வேயர்.

மாப்பிள்ளை விதிநூலைப் புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது, முகம் வெளுத்தது. “‘களத்தை விட்டு வெளியே போன வீரன் இறந்தவனாகக் கருதப்படுவான்’னு இருக்கு சார். காத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

மேலாளர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இறந்தவர் வீட்டில் உட்காருகிற மாதிரி இருந்தது அது. ஜெனரல் செத்தால் மேல்முறையீடும் கூடவே செத்தது. பேக்கரிக்காரருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தொண்டையைச் செருமினார்.

“நான் ஒண்ணு சொல்லலாங்களா? காத்து தூக்கினா அதுக்கு ஜெனரல் என்ன பண்ணுவார்? காத்துல போனவரைக்கும் அவர் முழுசாத்தானே இருந்தார். வாள் உடைஞ்சது தரையில விழுந்ததாலதான். தரை ஆட்டத்துல சேருமா?”

“சேராது” என்றார் சர்வேயர், யோசித்தபடி.

“சேராத இடத்துல நடந்தது ஆட்டத்துல நடந்ததா எப்படி ஆகும்?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் இந்த வாதத்தை எங்கேயோ எழுதிய ஞாபகம் வந்து காது சிவந்தது.

“அப்புறம் அந்த ஆறு” என்று இழுத்தார் பேக்கரிக்காரர், வந்தது வரட்டும் என்று. “பகடையும் காத்துல புரண்டிருக்கலாம் இல்லையா?”

“நியாயமான சந்தேகம்” என்றார் சர்வேயர். காற்று வருவதற்கு முன்பே ஆறு விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஆனால் பார்த்தது வேறு, விளக்கம் வேறு.

குழு நெடுநேரம் விவாதித்தது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. யாரும் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லவில்லை. கடைசியில் மாப்பிள்ளை எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார்.

“‘காற்றின் செயலால் விளைந்த எந்த இழப்பும் பாதிக்கப்பட்டவரின் தலையில் சுமத்தப்படாது. காற்று கொண்டுபோன அனைத்தும், காற்றுக்கு முந்தைய நிலையில், முந்தைய இடத்தில், உடனடியாக மீண்டும் அமைத்துத் தரப்படும். உடைந்தவை பழுது நீக்கித் தரப்படும்.’”

நல்ல தீர்ப்பு. கேட்டதும் பேக்கரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வாசகத்தைத்தான் அவர் இத்தனை நாளும் கனவில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிறைவேற்றத்திலும் தாமதம் இல்லை. சர்வேயர் பையிலிருந்து பசைக் குழாயை எடுத்து வாளை ஒட்டினார். கேட்காமலேயே அட்டை வீட்டின் சிவப்புக் கூரையையும் எடுத்து, ஓரம் பார்த்துப் பொருத்தி, நான்கு மூலையிலும் பசை வைத்து அழுத்தினார். “இனிமே எந்தக் காத்து அடிச்சாலும் அசையாது” என்றார் பெருமையாக. அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.

பேக்கரிக்காரர் மறுபடி உருட்டினார். ஒன்று விழுந்தது. அதற்கப்புறம் பகடைக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒன்று, இரண்டு, ஒன்று. குதிரைப்படை குன்றின் சரிவில் மளமளவென்று செத்தது. மேலாளர் எழுந்து வந்து அவர் தோளில் தட்டினார். முகம் முழுக்கத் தங்கம்.

“நல்ல மனுஷன்யா நீங்க. அந்த வாதம் இருக்கே, பிரமாதம்.”

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

“சார், என் கூரையும் காத்துலதான் போச்சு. இப்பச் சொன்ன அதே தீர்ப்பை அதுக்கும்...”

சர்வேயர் பசைக் குழாயின் மூடியைத் தேட ஆரம்பித்தார். மாப்பிள்ளை விதிநூலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

“அதுவா?” என்றார் மேலாளர், மிகுந்த கனிவோடு. “அதை மத்தியானமே தள்ளுபடி பண்ணிட்டேனே.”

“ரெண்டும் ஒரே காத்துதானே சார்?”

“காத்து ஒண்ணுதான். யார் இல்லைன்னா? ஆனா நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும்.” மேலாளர் குனிந்து, ஜெனரலின் மீசையில் ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டார். “இது விளையாட்டு. விளையாட்டுல அநியாயம் பண்ணக் கூடாது.”

பேக்கரிக்காரர் படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாய் ஞாபகம் வந்து எட்டிப் போட்ட நடையில் சட்டைப் பையில் போன் அடித்தது. தங்கை.

“என்னண்ணா ஆச்சு? தோத்துட்டியா?”

தூறல் மழையாகிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்று, அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“தோத்துட்டேம்மா. முழுசா.”

“அப்பாடா” என்றாள் தங்கை.