ஷோன்சைற்றில் ஒரு ஹெக்ட் விருந்து

25.01.2006

அன்பின் சந்திரன் அண்ணைக்கு,

இன்று காலை எழும்பியதும் முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து, தயிருக்குப் பின்னால் இருக்கும் புழுப் பெட்டியில் எல்லோரும் உயிரோடிருக்கிறார்களா என்று பார்த்தேன். இருக்கிறார்கள். நீங்களும் அண்ணியும் ரொறன்ரோக் குளிரில் அவ்வாறே சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம். ஏரியும் சுகம், நன்றாக இறுகிக் கிடக்கிறது.

தொலைபேசியில் சொல்ல முடியாதபடி இவர் எப்போதும் பக்கத்திலேயே நிற்பதால் இதை எழுதுகிறேன். போன மார்ச்சில் நான் மீன்பிடிப் பரீட்சையில் சித்தியடைந்தபோது, "மீன் பிடிக்கவும் பரீட்சையோ?" என்று நீங்கள் சிரித்தீர்கள். ஓம் அண்ணை, இங்கே பரீட்சைதான். யாழ்ப்பாணத்தில் வாங்கிய விலங்கியல் பட்டம் இந்த நாட்டில் முதல் தடவையாக எனக்கு உதவியது. இங்கத்தை மீன்பிடிச் சங்கத்தில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் தமிழ். ஐஸில் துளை போடும் திருகு, ஒரு முழத் தூண்டில், உள்ளே விழுந்தால் பற்றி ஏற இரண்டு ஆணிப்பிடிகள் எல்லாம் ஆயத்தம். ஐஸின் தடிப்பை அளக்காமல் கால் வைக்க மாட்டேன். உங்கள் மச்சான் வகுப்புக்கே வரவில்லை. "கடற்கரையில பிறந்தவனுக்கு வெள்ளைக்காரன் மீன் பிடிக்கப் பழக்கிறதோ?" என்றார். ஆனால் திருகை மட்டும் எடுத்து, பல்கனியில் வாளித் தண்ணீரை உறைய வைத்து ஒத்திகை பார்த்தார். ஐஸ் போய், வாளியின் அடியும் போய், மிச்சத் தண்ணீர் கீழ்வீட்டு அம்மாவின் விரிப்புகளில் இறங்கி, நான் கேக் அடித்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

உண்மையான சங்கடம் வேறு. ஹெக்ட் என்று ஒரு மீன், நீளமாய், வாய் நிறையப் பல்லோடு, எங்கள் ஊர்ச் சீலா மீனின் முகச்சாடையில் இருக்கும். பெப்ரவரி நடுவிலிருந்து அது முட்டையிடும் காலம், தொடவே கூடாது. அந்தக் காலத்துக்கு இந்த நாட்டுப் பாஷையில் 'ஷோன்சைற்' என்று பெயர். காப்பாற்றி விடும் காலம் என்று பொருள். இவர் என் துண்டுப்பிரசுரத்தில் அந்தச் சொல்லைக் கண்டு, 'ஷோன்' என்றால் வடிவு, ஆகவே இது மீனுக்கு நல்ல காலம் என்று முடிவுகட்டி, உங்களைப் பெப்ரவரி பதினெட்டுக்கு ரிக்கெற் போட வைத்து, ஏரிக்கரையில் ஹெக்ட் குழம்பு என்று முப்பது பேருக்குச் சொல்லியும் விட்டார். எனக்கு இது நேற்றுத்தான் தெரியும்.

"இஞ்சேருங்கோ, அது பிடிக்கக் கூடாத காலமப்பா."

"ஷோன் எண்டா வடிவுதானே? பதினெட்டு வருசமா இந்த நாட்டில இருக்கிறன், எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

"வடிவெண்டு சொல்ல வாயைக் குவிக்க வேணும். குவிச்சுச் சொல்லிப் பாருங்கோ."

"இந்த வயசில விசிலடிக்கச் சொல்லுறீரோ?"

கடைசியில் அகராதியைக் காட்டியபின் சுருதி இறங்கிற்று. "சரி, பிழைதான். ஆனா அண்ணை கனடாவில இருந்து வாறார், ஆக்களுக்கும் சொல்லியாச்சு, என்ர முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? ஒரேயொரு ஹெக்ட். நான் பிடிக்கிறன், நீர் காட்டுப் பக்கம் திரும்பி நில்லும்."

அவரிடம் அனுமதிப் பத்திரமே இல்லை. பிடிபட்டால் துளை போட்டது என் திருகு, போவது என் பத்திரமும் என் பெயரும். இரவல் பெயர் இல்லை அண்ணை, இந்த ஊரில் நானே உழைத்துத் தேடிய பெயர். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், நீங்கள் இத்தனை தூரம் வருகிறீர்களே என்று, இந்த ஒரு தரம் திரும்பி நிற்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன். நீங்கள் சந்தோசமாக வந்து சாப்பிட்டுப் போங்கோ. இவரிடம் ஒன்றும் கேட்டு மனதை நோகடிக்க வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையைத் தடவிவிடுங்கோ.

உங்கள் தங்கை,
இராஜேஸ்வரி

பி.கு: திரும்பி நிற்கிறேன் என்று மேலே எழுதிய பந்தியை வாசிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கோ. ஏரியில் பத்திரம் பார்க்கும் கண்காணிப்பாளராக வரச் சம்மதமா என்று சங்கத்தில் போன கிழமை என்னைக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது யோசித்துவிட்டேன். திங்கட்கிழமை ஓம் என்று சொல்லப் போகிறேன். இவருக்கும் வேறு ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லை. பெப்ரவரி பதினெட்டு என் முதல் கடமை நாளாக இருக்கும். முப்பது பேருக்கும் கோழிக்கறி சமைப்பேன். ஐஸில் தூண்டிலோடு யார் நின்றாலும், அவர் என் புருசனோ கனடாவிலிருந்து வந்த என் அண்ணையோ, முதலில் பத்திரத்தைத்தான் கேட்பேன்.