தவளைவாயன் தரிசனம்

அதிகாரி ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார். வெள்ளிக்கிழமை ஆகியும் பறவையைக் காணோம்.

பறவை பார்ப்போர் சங்கத்தின் செயலாளருக்கு அன்று கடையில் வேலையே ஓடவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என்பதால் ஊரே அவரை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் விரலால் ஒரு தடவு தடவி, "இது அசல் இல்லையே, நகல்" என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. 'இந்தக் கண்ணை ஏமாத்த இன்னொருத்தன் பொறந்து வரணும்' என்று கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அடிக்கடி சொல்வார். அப்பேர்ப்பட்டவர், அன்று ஒருவர் கொடுத்த சான்றிதழைத் தலைகீழாய் வைத்து, வெறும் வெள்ளைத் தாளாக எடுத்து அடுக்கிக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற மரங்களையெல்லாம் வெட்டிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள். சங்கத்துக்காரர்கள் ஞாயிறு தவறாமல் கூடுவது அந்த மரங்களின் கீழேதான். எழுதிப் பார்த்தார்கள், நடையாய் நடந்து பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. கடைசியில், 'அங்கே தவளைவாயன் என்ற அபூர்வப் பறவை குடியிருக்கிறது' என்று ஜெராக்ஸ் எழுதிய மனுவுக்குத்தான் பதில் வந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பறவை இருந்தால் மரங்கள் இருக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை ரம்பம் வரும்.

ஜெராக்ஸ் பொய் எழுதவில்லை. பெரிய மரத்தின் இடது கிளையில் தவளைவாயனைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். காதுவரை கிழிந்த வாயோடு, பகலெல்லாம் காய்ந்த கட்டை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். இருட்டினால்தான் பறக்கும். சங்கத்தில் எல்லோருக்கும் அதைக் காட்டியும் இருக்கிறார். ஆனால் இந்த ஒரு வாரமாக இடது கிளை காலி.

போன் அடித்தது. சங்கத்தின் தலைவி. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை.

"என்ன ஜெராக்ஸ், நம்ம ஆள் இருக்காரா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் கேக்குறேன்னா, நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல. அந்த மரத்த வெட்ட வந்தாங்கன்னா நான் போய் அதுக்கடியில உக்காந்துருவேன். எம்மேல விழட்டும்."

"இருக்கார் டீச்சர். ஜம்முனு உக்காந்திருக்கார்" என்றார் ஜெராக்ஸ்.

அன்று மாலை வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க பறவை பகல்ல அசையவே அசையாதுன்னுதானே சொல்வீங்க?"

"ஆமா."

"கட்டை மாதிரி இருக்கும்னு?"

"ஆமா."

"அப்புறம் என்ன, கட்டையிலயே ஒண்ணு செஞ்சு வச்சுட்டுப் போங்க. என் தம்பி எதுக்கு இருக்கான்?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் மூழ்குகிறவனுக்கு வைக்கோல் துரும்பும் தெப்பம். ஜெராக்ஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மைத்துனன் தச்சுப்பட்டறை வைத்திருந்தான். நல்ல கைக்காரன், ஆனால் சொன்னதைச் செய்ய மாட்டான், சொல்லாததையெல்லாம் செய்வான். ஸ்டூல் கேட்டால் அதற்கு முதுகு வைத்துக் கொண்டுவருவான். கட்டில் கேட்டபோது அடியில் இழுப்பறை வைத்தான். இழுப்பறையைத் திறந்தால் அறைக் கதவு திறக்காது. இடது பக்கம் என்றால் வலது பக்கம் போவான். அவனை 'உருப்படாதவன்' என்று சொல்லாமல் ஜெராக்ஸ் ஒரு விருந்திலிருந்தும் எழுந்ததில்லை.

பட்டறையில் பறவையின் படத்தைக் காட்டியதும் மைத்துனன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"இதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு போல. இறக்கை எங்க அத்தான்?"

"மூடி வச்சிருக்கு. படத்துல உள்ளது உள்ளபடி செய், மாப்ளே. உன் சாமர்த்தியத்த அதுல காட்டாத. ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள பெரிய மரத்துல இடது கிளையில கட்டிடணும். இடது."

"எங்க நின்னு பாத்தா இடது?"

"தொட்டிக்கு முதுகக் காட்டிட்டு நின்னு பாத்தா."

"சரி அத்தான். தொட்டிக்கு முதுகு" என்று அவன் தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். அது ஜெராக்ஸுக்கு அவ்வளவாக நம்பிக்கை தரவில்லை.

சனிக்கிழமை இரவு மழை கொட்டித் தீர்த்தது. காற்றில் எங்கெங்கோ கிளை முறிந்தது, மின்சாரமும் போனது. மைத்துனனின் போன் அணைந்தது அணைந்ததுதான். இனி நடப்பது நடக்கட்டும் என்று ஜெராக்ஸ் விடிந்ததும் அதிகாரியை அழைத்துவரப் போனார்.

அதிகாரி சாதுவான மனிதர். கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிட்டு உட்காருகிற ரகம். வழியெல்லாம் பறவையைப் பற்றி ஆசை ஆசையாகக் கேட்டார். ஜெராக்ஸ் எச்சில் விழுங்கி விழுங்கிப் பதில் சொன்னார்.

தோப்புக்குள் நுழைந்தால் சங்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. இருப்பதிலேயே பெரிய கேமரா வைத்திருக்கிற பல் டாக்டர் ஓடி வந்தார். ஆளுக்கு மூச்சு வாங்கியது.

"வாங்க வாங்க, ஐயா உக்காந்திருக்கார். ராத்திரிக் காத்துல முன்னாடி இருந்த கொப்பு முறிஞ்சு விழுந்திருக்கு. பளிச்சுன்னு தெரியறார். வலது கிளையில பாருங்க."

வலது கிளை.

'இடதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே' என்று பல்லைக் கடித்தாலும், ஜெராக்ஸின் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. மேலே, கிளையோடு கிளையாக, காய்ந்த கட்டை மாதிரி தவளைவாயன். கீழேயிருந்து பார்க்க அச்சு அசலாக இருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி பைனாகுலரில் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா அசையவே இல்லையே."

"அதோட சுபாவமே அதான் சார்."

"இருக்கலாம். நாளைக்கு யாராவது, கட்டையப் பாத்துக் கையெழுத்துப் போட்டான்னு என்னச் சொல்லிடக் கூடாது பாருங்க. எல்லாரும் சேந்து ஒருதடவ கை தட்டுங்க. பறந்துடுச்சுன்னா நான் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

ஜெராக்ஸ் பாய்ந்து குறுக்கே வந்தார்.

"கை தட்டக் கூடாது சார். அதுக்கு இதயம் பலவீனம்."

"அப்படியா? பாவம். சரி, சாயங்காலம்வரை இருக்கேன். இருட்டினா பறக்கும்னு உங்க மனுவிலயே இருக்கே. சாப்பாடுகூடக் கட்டிட்டு வந்திருக்கேன்."

அவர் ஒரு வேர்மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தும்விட்டார். இருட்டினாலும் விடிந்தாலும் அந்தப் பறவை பறக்காது என்பது அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"இப்ப பறக்காது சார். அது... அடைகாக்குது."

சங்கத்துக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடியது. பல் டாக்டர் கேமராவைக் கீழே போடப் பார்த்தார். டீச்சர் ஜெராக்ஸின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"அடைகாக்குதா? எங்கிட்டகூடச் சொல்லலையே நீங்க. சார், பகல்ல உக்காருறது அப்பாப் பறவை. அம்மா ராத்திரிதான் வரும். இந்தத் தோப்புல முட்டை வச்சிருக்குன்னா அது எப்பேர்ப்பட்ட விஷயம் தெரியுமா?"

அதிகாரி எழுந்துவிட்டார். அவருக்கும் பரபரப்புத் தொற்றிக்கொண்டது.

"முட்டை இருந்தா கதையே வேற. அப்புறம் இந்த மரத்துமேல யாரும் கையே வைக்க முடியாது. ஒரே ஒரு போட்டோ வேணும். அங்க ஒரு ஏணி கிடக்குதே."

தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிற ஏணி. பல் டாக்டர் அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"நான் ஏறுறேன்."

"நீங்க ஏறக் கூடாது" என்று ஜெராக்ஸ் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "புது ஆளப் பாத்தா மிரண்டுரும். என் வாசனைதான் அதுக்குப் பழக்கம்."

"பறவைக்கு வாசனை அவ்வளவாத் தெரியாதே" என்றார் டீச்சர்.

"இதுக்குத் தெரியும் டீச்சர்."

"அப்ப நீங்களே ஏறுங்க. ஒரே படம்தான். தொடக் கூடாது" என்றார் டீச்சர்.

ஜெராக்ஸ் ஏறினார். நாற்காலியில் ஏறி மின்விசிறி துடைத்தாலே தலைசுற்றுகிற மனிதர். ஒவ்வொரு படியிலும், இல்லாத முட்டையை எப்படிப் படம் எடுப்பது என்று யோசித்தார். மேலே போய் மயங்கி விழுவதுதான் கௌரவமான வழி என்று தோன்றியது. கிளை வந்தது. கண்ணைத் திறந்தார்.

அடேயப்பா.

ஒவ்வொரு இறகும் தனித்தனியாக இருந்தது. அலகுக்கு மேலே மெல்லிய முடிகள்கூட வைத்திருந்தான். கண்ணை முக்கால்வாசி மூடினாற்போல் செய்து, அந்த இடுக்கில் மஞ்சளாக எதையோ பதித்திருந்தான், கோலிக்குண்டாக இருக்கும். அது அவரையே முறைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது. கட்டிய கயிறு தெரியக் கூடாது என்று அடியில் பாசியும் பஞ்சும் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக ஒரு முட்டையின் ஓரம் எட்டிப்பார்த்தது.

முட்டை வை என்று யாருமே அவனிடம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டூலுக்கு முதுகு வைத்தவன் அல்லவா?

ஜெராக்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட கலைஞனையா இத்தனை நாளாய் உருப்படாதவன் என்றோம் என்று தன்னையே நொந்துகொண்டார். "என்ன மன்னிச்சிடு மாப்ளே" என்று பறவையின் முகத்துக்கு நேராகவே முணுமுணுத்தார். அப்படியும் தொழில் புத்தி விடவில்லை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் நம் கண்ணுக்குத் தப்புமா? நிறம் ஒரு பொட்டுத் தூக்கல். அசல் இவ்வளவு அழகாக இருக்காது. விரலால் ஒரு தடவு தடவிப் பார்க்கக் கை தானாகப் போனது.

"தொடாதீங்க" என்று கீழேயிருந்து டீச்சர் அதட்டினார். பள்ளிக்கூடத்தையே ஆண்ட குரல். கை திரும்பி வந்துவிட்டது.

போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார். அதிகாரி படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். டீச்சரிடம் காட்டினார், டாக்டரிடம் காட்டினார், மறுபடியும் தானே பார்த்தார்.

"மரங்க இருக்கும். இன்னைக்கே எழுதிடறேன்" என்றார். போகும்போது கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சங்கத்துக்கே கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறும்வரை திரும்பித் திரும்பி மரத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

வண்டி மறைந்ததும் தோப்பே திருவிழாவாகிவிட்டது. சத்தம் போட்டால் பறவை மிரளும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு குதித்தார்கள். பல் டாக்டர் முன்பின் தெரியாத நடைப்பயிற்சிக்காரர் ஒருவரைக் கட்டிப்பிடித்தார். டீச்சர் பெரிய மரத்தின் அடியில் நின்று, பிள்ளையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"ஜெராக்ஸ், இந்தச் சங்கத்துல எத்தனையோ பேரப் பாத்துட்டேன். பாக்காததப் பாத்தேன்னு சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்."

சந்தோஷத்தில் பாதி அங்கேயே இறங்கிப்போயிற்று. மரம் பிழைத்தது நிஜம், டீச்சர் சிரிப்பதும் நிஜம், நடுவில் உட்கார்ந்திருப்பது மட்டும் கட்டை. யாரை ஏமாற்றினாலும் இந்த அம்மாவை ஏமாற்ற முடியாது. சொல்லிவிட வேண்டியதுதான்.

"டீச்சர், கொஞ்சம் இப்படி வாங்க. உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பறவை வந்து..."

அப்போது தோப்பு வாசலில் ஒரு ஸ்கூட்டர் சறுக்கி நின்றது. முழங்கால்வரை சேறும், கையில் ஒரு துணிப்பையுமாக மைத்துனன் ஓடி வந்தான். ஜெராக்ஸ் டீச்சரை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்து போய் அவனைக் கட்டிப்பிடித்தார்.

"மாப்ளே, நீ மனுஷனே இல்லடா. அந்த இறகும், அந்த முட்டையும்... இனிமே உன்ன உருப்படாதவன்னு எவனாவது சொல்லட்டும், பாத்துக்கறேன்."

மைத்துனன் திருதிருவென்று விழித்தான். பிறகு பைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்த எதையோ பக்குவமாக வெளியே எடுத்தான்.

"கோவிச்சுக்காதீங்க அத்தான், ராத்திரி மழையில பெயின்ட் காயவே இல்ல, இப்பத்தான் எடுத்துட்டு வரேன். எந்தக் கிளையில கட்டச் சொன்னீங்க, இடதா வலதா?"