சாமிச் சேவல் இட்ட முட்டை

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல், வியாழக்கிழமை காலையில் முட்டையிட்டிருந்தது.

ஓய்வுபெற்ற ஏட்டு முத்துவீரன் கூடையைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முட்டையில் சூடு இன்னும் இருந்தது. முப்பத்தோரு வருடப் போலீஸ் அனுபவம் கைகொடுத்தது. முதலில் தடயத்தை அழிக்க வேண்டும். உடைத்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டார்.

கோழி ஒத்துழைக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கொக்கரித்தது.

"என்ன ஏட்டையா, சாமிச் சேவலு கொக்கரிக்கி?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டிச்செல்வம் கேட்டான்.

"கூவிப் பழகுதுலே. இந்த ரகம் அப்படித்தான்."

"என்ன ரகம்?"

"சொன்னா ஒனக்கு வெளங்காது."

சுந்தரபாண்டியத்தில் கோழிக்குஞ்சு விஷயத்தில் முத்துவீரன் சொன்னதே தீர்ப்பு. ஈரம் காயாத குஞ்சைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார். தலையை நிமிர்த்தினால் சேவல், தொங்கப்போட்டால் பொட்டை. பிறகு இறக்கையை விரித்து, அலகைத் தடவி, ரகத்தையும் அதன் பூர்வீகத்தையும் சொல்வார். வளர்ந்தபின் அது வேறுவிதமாகப் போனால் குற்றம் குஞ்சுடையது.

ஆவணியில் மனைவி வெள்ளத்தாய்க்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அந்த வாரம் பொரித்த ஆறு கருப்புக் குஞ்சுகளில் ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்த்து, பூசாரி மாரிச்சாமி முன்னால், தெருவே சாட்சியாக, "இது சேவலு. கருப்பனுக்கு" என்று நேர்ந்தார். வழக்கம் கறாரானது. வீட்டில் பொரித்து வீட்டில் வளர்ந்த கருஞ்சேவலாக இருக்க வேண்டும். மாசி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பொட்டையைக் கொடுத்தால் நேர்த்தி சேராது, போன நோய் திரும்பும்.

கார்த்திகையில் மதுரையில் ஆபரேஷன். ஒன்றரை மாதம் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். வீட்டையும் கோழிகளையும் மருமகள் மாரிக்கனி பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபிறகு சாமிச் சேவலுக்குக் கொண்டை வளரவேயில்லை. "அடக்கமான ரகம்" என்றார். தெருவில் சின்னப்பிள்ளைக்குக்கூட அது பொட்டை என்று தெரியும். ஏட்டிடம் யார் சொல்வது?

இப்போது மூன்று நாளாக வெள்ளத்தாய்க்குக் காய்ச்சல். மறுபடியும் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு திங்கட்கிழமை. நேர்த்தி நாளைக்கு.

"ஏங்க, கோழி கொக்கரிச்ச மாதிரி இருந்துச்சே?" என்றாள் கட்டிலில் இருந்து.

"காச்சல்ல அப்படித்தான் கேக்கும்."

"சேவலுதான?"

"பாத்துச் சொன்னது யாரு?"

"அதான் கேக்கேன்" என்றவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நாளைக்கு அது சேந்துட்டா எனக்கு ஒண்ணும் வராதுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

கோழிக்காரன் பொன்னுராஜ் கூண்டைத் திறந்ததும் கன்னங்கரேலென்று ஒரு சேவல் எட்டிப் பார்த்தது. அவன் வாயைத் திறக்குமுன் முத்துவீரன் அதை ஏந்திக்கொண்டார்.

"கருங்கால் சிறுவிடை. அஞ்சு தலைமுறைக்குக் கலப்பு கெடையாது."

"கொண்டை கொஞ்சம் சரிஞ்சிருக்குங்கய்யா, அது வந்து..."

"சரிஞ்சிருந்தாத்தாம்லே சுத்த ரகம். எனக்கே சொல்லித் தாரியா?"

"அய்யா சொன்னாச் சரிதான்" என்று அவன் ரூபாயை மடியில் செருகிக்கொண்டான்.

சாமியை ஏமாற்றுவது குற்றம்தான். ஆனால் சேவல் கருப்பு, நிஜமாகவே சேவல். எங்கே பொரித்தது என்று கருப்பன் விசாரணையா வைக்கப்போகிறான்? முட்டையிட்டதை மோட்டார் ரூமில் அடைத்தார். அது உள்ளேயிருந்தும் கொக்கரித்தது.

மறுநாள் பிளவக்கல் அடிவாரத்தில், கருப்பன் கோயில் முன்னால் தெருவே கூடியிருந்தது. வெள்ளத்தாய் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள். மாரிக்கனி அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"ஒரே நாள்ல சேவலுக்குக் கொண்டை மொளைச்சிருச்சே" என்றான் பாண்டிச்செல்வம்.

"வாயப் பொத்துலே. சன்னதி."

சாமி உத்தரவு கொடுக்க வேண்டும். தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் சேவல் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம். மாரிச்சாமி ஒரு செம்பு ஊற்றினார். அது அசையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. இரண்டாவது செம்புக்கும் அப்படியே நின்றது.

"ஏங்க" என்று ஆட்டோவிலிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

முத்துவீரன் குடத்தைப் பிடுங்கி முழுவதையும் கவிழ்த்தார். சேவல் சிலுப்பியது. நன்றாகவே சிலுப்பியது. மாரிச்சாமியின் முகம், நெஞ்சு, சலவை வேட்டி எல்லாம் கருப்பாயின. நடுவில் பண்ணை லெகான் சேவல் ஒன்று, அங்கங்கே தலைச்சாயம் மிச்சமிருக்க, வெள்ளையாக நின்று கூவியது.

யாரும் சிரிக்கவில்லை. மாரிச்சாமி முகத்தைத் துடைத்தார். "ஏட்டையா, சாமிக்கே வேசமா? வீட்டுச் சேவலு எங்க?"

ஆட்டோவில் வெள்ளத்தாய் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்திருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, தன் சர்வீஸில் எத்தனையோ பேரை உட்காரவைத்த மாதிரி, தானே முழங்காலிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"சாமி, வீட்டுல இருக்கது பொட்டை. நேத்து முட்டை போட்டுச்சு, நாந்தான் குடிச்சேன். குஞ்சுல பாத்து தப்பாச் சொல்லிட்டேன். எனக்குக் கோழி பாக்கத் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல. என்னைய என்ன வேணா செய்யி. அவள விட்டுரு."



மாரிக்கனி ஆட்டோவை விட்டு இறங்கி வந்து, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"மாமா, நீங்க அன்னைக்குச் சொன்னது சரியான சேவலுதான், அத்தை ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு ஆறும் ஒரே கருப்பா இருந்ததுல அடையாளம் தெரியாம அதத்தான் சூப்புக்கு அறுத்துட்டேன், நீங்ககூட நல்ல பொட்ட வெடக்கோழின்னு ரெண்டு தொடையையும் தின்னீய."