தேத்தண்ணிக் கடையில் சோதனைக்கு நின்றது

சுற்றுலா போவதற்கும் பழக்கம் வேண்டும். ஓடிப் பழகியவர்களுக்கு உலாவுவது சரிவராது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குக் கல்யாணம் நடந்தது இடம்பெயர்ந்தோர் முகாமில். தேனிலவுக்குப் போனது தண்ணீர்ப் பவுசர் வரிசைக்கு. (அதிலும் இவர் ஆண்கள் வரிசை, நான் பெண்கள் வரிசை.) மீள்குடியேறி, உப்புக்குளத்தில் வாடகைக்கு வீடெடுத்து, பூநகரிக்குப் போகும் கரையோர வீதிக்கு அரசாங்கம் காபெற் தார் போட்டு முடித்ததும் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"ஒருநாள் சும்மா ஊர் பாக்கப் போவம். எங்க போறீங்கள், ஏன் போறீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்காத பயணம்."

"ஓம், அதுக்கென்ன," என்று தம்பியின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி வந்தார்.

அந்த வீதியில் நான் முன்பும் போயிருக்கிறேன். அப்போது உழவு இயந்திரப் பெட்டியில், ஆட்டுக்கும் தையல் மெசினுக்கும் நடுவில், ஷெல் பின்னால் வர. இம்முறை புதுச் சேலை, கறுப்புக் கண்ணாடி, பூநகரியில் இருக்கும் மச்சாளுக்கு ஒரு பொதி கருவாடு. கடலோரப் பாதை என்று பெயர். கடல் பனைகளுக்கும் முட்கம்பிக்கும் அப்பால் எங்கோ இருந்தது. "அந்தா கடல்," என்று இவர் கைகாட்டிய இடமெல்லாம் பற்றைதான். "வடிவா இருக்கு," என்றேன். சுற்றுலாவில் அப்படித்தானே சொல்லவேண்டும்.

வெள்ளாங்குளம் தாண்டி ஓர் இராணுவ முகாம். வாசலில் கொட்டகை, மேசை, சீருடைக்காரர் ஒருவர், அவருக்கு முன்னால் வரிசை. மோட்டார் சைக்கிள் நிற்கமுன் நான் இறங்கிவிட்டேன். முறை வந்ததும் அடையாள அட்டையை மேசையில் வைத்தேன். பையைக் கவிழ்த்தேன். பவுடர், சீப்பு, மாற்றுச் சட்டை, இடியப்பப் பெட்டி (மூடியையும் திறந்து), கருவாடு. பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்து, நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். இலங்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக ஒருவரும் சோதனைக்கு நின்றிருக்கமாட்டார்கள்.

சீருடைக்காரர் அடையாள அட்டையை எடுத்து, என் பக்கமே திருப்பி வைத்தார்.

"அக்கா," என்றார் சீருடைக்காரர், "பிளேன்டீயா, பால்டீயா?"

அது அவர்கள் நடத்தும் தேத்தண்ணிக் கடை. வரிசையில் நின்றவர்கள் தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்த சுற்றுலாக்காரர்கள்.

நான் கையை இறக்குமுன், பின்னால் நின்ற தொப்பி போட்ட அம்மா ஒருவர் கருவாட்டைத் தூக்கி மணந்து பார்த்து, சிங்களத்தில் என்ன விலை என்று கேட்டார். நல்ல மனுசி, சிரித்த முகம். மேசையில் சாமான் பரப்பி நிற்பவளை வேறென்னவென்று நினைப்பது? நானும் உங்களைப்போல ஊர் பார்க்க வந்தவள் என்று சொல்ல ஆசைப்பட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களமோ 'இறங்கு', 'அட்டையைக் காட்டு', 'பையைத் திற'. அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

இவர் விலை சொன்னார். (ஓம், சொன்னார். அதுவும் இரண்டு பங்கு விலை.) இன்னொரு அம்மா இடியப்பத்தையும் விசாரித்தார்.

"ஏன் விலை சொன்னனீங்கள்?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"வேற என்ன சொல்லுறது? செக் பண்ணுவினம் எண்டு கையைத் தூக்கினவ எண்டோ? வியாபாரி எண்டாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும்."

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. இவர்மீது அல்ல, தானாக எழும்பிய என் கைகள்மீது. பூநகரிக்குப் போகாமலே திரும்பினோம். கருவாட்டை விற்றுவிட்டு, வெறுங்கையோடு மச்சாள் வீட்டுக்கு எப்படிப் போவது?

இப்போது எங்கள் மகள் வளர்ந்துவிட்டாள். சந்தை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எந்த வாசலில் நான் பையில் கை வைத்தாலும், "அம்மா, ஒருத்தரும் கேக்கேல்லை," என்பாள். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

போன மாதம் அவளோடு வங்கிக்குப் போனேன். காவலாளி கதவைத் திறந்து, "வாங்கோ அக்கா," என்றார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெருமையோடு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். என் மகள் அவருக்கு முன்னால் தன் பையைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.