ஜிஞ்சரின் பேக்கரி

"உன் கையில ஏதோ மருந்து வாடை அடிக்குதே, ஜிஞ்சர்? காலையில என்ன வேலை பாக்கறே?" என்றார் மெர்வின், தட்டிலிருந்த இறைச்சியை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

கோராவுக்குத் திக்கென்றது. ஜிஞ்சர் என்பது போர்ட்லாந்தின் அந்த ஆடை அவிழ்ப்பு நடன விடுதிக்குள் மட்டும் அவள் பெயர். மத்தியானம் இங்கே ஆட்டம். காலையில், நாலு தெரு தள்ளி ஒரு சவ அடக்க நிலையத்தில் இறந்தவர்களுக்கு ஒப்பனை. அந்தக் கைதான் தன் தோளில் விழுகிறது என்று தெரிந்தால் எந்த வாடிக்கையாளன் உட்கார்ந்திருப்பான்?

"பேக்கரியில வேலை. ஈஸ்ட் வாடை அது."

"பேக்கரியா?" மெர்வின் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு ஒரு எலுமிச்சை கேக் செஞ்சு கொண்டாயேன்."

மூன்று வாரமாக வரும் மனிதர். ஆட்டம் வேண்டாம் என்பார். அவள் கிட்டே வந்தால் கூரையைப் பார்ப்பார். ஆனாலும் அவளைத்தான் கேட்டு வாங்கி உட்காரவைப்பார். இப்படி ஒரு சாதுவை இழக்க அவளுக்கு மனமில்லை.

மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு கேக்கை வாங்கி, பெட்டியைக் கடாசிவிட்டுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டு மெர்வினின் பல்லில் மாட்டியது.

"இது கடைக் கேக்காச்சே!"

"அது... என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"எவன் தூக்கினான்? உன் கை மாதிரி கை அவனுக்கு எங்க கிடைக்கும்? வா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!" மெர்வின் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

"வேணாம்! முதலாளி செத்துட்டாரு!"

"ஐயோ! எப்போ?"

"நேத்து. நெஞ்சுவலி." அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கதோஷம், வாய் தானாக ஓடியது. "நீல டை. முடி இடப்பக்க வகிடு. கன்னம் ஒட்டிப்போயிருந்துது, உள்ள பஞ்சு வெச்சப்புறம்தான் முகத்துக்கே ஒரு களை..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மெர்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது. கழிவறைப் பக்கம் நடந்தார்.

கோரா இடிந்துபோய் உட்கார்ந்தாள். எதிரே, அவரைத் தன் காரில் கூட்டிவரும் நண்பர் எர்ல் உருளை வறுவலைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுபோச்சு. இனிமே அவரு வரமாட்டாரு, இல்ல?" என்றாள்.

"அட போம்மா! போன மாசம் அவன் பொண்டாட்டிக்குக் கடைசியா லிப்ஸ்டிக் போட்டுவிட்டது நீதான். தூங்கற மாதிரியே இருந்தாளாம். அங்க விசாரிச்சா, மத்தியானத்துல நீ இங்க இருப்பேன்னாங்க. உனக்கு நன்றி சொல்லத்தான் மூணு வாரமா வர்றான். நீ ஒரு தடவையாவது துணியோட நின்னாத்தானே சொல்லுவான்!"