ஒரு மூடி டீ

"மூணே முக்கால் மணி நேரம் கேட்டுட்டு அதை மட்டும் எப்படிண்ணா விட்டீங்க?" என்று மேகலா பின் சீட்டிலிருந்து கேட்டாள். கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டி ஓசூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சௌந்தரராஜன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதை விட்டோம் என்று தெரிந்தால்தானே பதில் சொல்வதற்கு?

இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் தரப் பரிசோதகர் அவர். வாரா வாரம் 'சாவகாசமா பேசலாம்' என்ற பாட்காஸ்டில் வரும் பிரபலங்களின் பேட்டிக்கு பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுவில் விமர்சனம் எழுதுவார். ஷிப்ட் போகிறவர்களுக்கு நாலு மணி நேரம் கேட்க நேரம் ஏது? அவர் எழுதியதைப் படித்துவிட்டே ஒரு வாரம் சண்டை போடுவார்கள்.

போன வாரம் ஒரு நகைச்சுவை நடிகர்: 'மூன்று இடத்தில் கண் கலங்கினார். இரண்டு உண்மை. ஏற்கலாம்.' அதற்கு முந்தைய வாரம் ஓர் இயக்குநர்: 'அடக்கம் வெறும் மேல்பூச்சு. உரசினால் கையோடு வருகிறது. ரிவர்க்குக்குத் திருப்பி அனுப்பலாம்.'

இதில் ஒரு ரகசியம் உண்டு. அவர் எந்தப் பேட்டியையும் முழுதாகக் கேட்டதில்லை. ஃபேக்டரியில் ஐநூறு உருப்படி வந்தால் முதல் பீஸ், நடு பீஸ், கடைசி பீஸ் பார்த்து மொத்தத்தையும் பாஸ் பண்ணுவது வழக்கம். பேட்டிக்கும் அதே முறைதான். முதலில் ஐந்து நிமிஷம், நடுவில் ஐந்து, முடிவில் ஐந்து. இதுவரை எந்தப் பிரபலமும் அவரைக் காட்டிக்கொடுத்ததில்லை.

இந்த வாரம் நடிகை ஹேமலேகா. அவரை மட்டும் முழுதாகக் கேட்கத்தான் நினைத்தார்.

காரணம் பஸ்ஸில் எல்லோருக்கும் மனப்பாடம். தொண்ணூற்றேழு மார்கழி. சானமாவுக் காட்டோரம் படப்பிடிப்புக்காகச் சாலையில் வண்டிகளை அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். பனி அப்படிக் கொட்டும் அப்போது. இப்போது ஓசூரில் அந்தப் பனியும் இல்லை, ஸ்வெட்டர் விற்க வருகிறவர்களும் இல்லை. பஸ்ஸே இறங்கி வேடிக்கை பார்க்கப் போனது. சௌந்தரராஜன் அப்போது டிரெய்னி. ரூமில் போட்ட டீயை ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கு ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றித் தருகிற ஆள். மரத்தடியில் ஹேமலேகா நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் போய் ஒரு மூடி டீ கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான் கதை. ஆனால் இருபத்தெட்டு வருஷமாக மனுஷன் அந்த ஒரு மூடியை வைத்துத்தான் நிமிர்ந்து நடக்கிறார்.

யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு பஸ்ஸில் இருந்தவர்களில் இன்றைக்கும் பக்கத்தில் இருப்பது ஒரே ஆள், பேக்கிங் பிரிவில் இருந்த வீரலட்சுமி. அப்போது அவருக்குப் பக்கத்து சீட். இரண்டு வருஷம் கழித்து அவரையே கட்டிக்கொண்டாள். சாட்சிக்குக் கூப்பிட்டால் மட்டும், "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, விடுங்க அந்தப் பேச்சை" என்று அடுப்படிக்குள் போய்விடுவாள்.

பேட்டி வந்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. முழுக்கக் கேட்டு, சானமாவு என்ற பெயரே வரவில்லை என்றால்? கடைசியில் வழக்கமான மூன்று பீஸோடு நிறுத்திக்கொண்டு, 'படப்பிடிப்பு நினைவுகள் குறைவு. ஏற்கலாம்' என்று எழுதிவிட்டார்.

"குறைவா?" என்றாள் மேகலா. "சானமாவு பத்தியே இருபது நிமிஷம் பேசனாங்களேண்ணா!"

சௌந்தரராஜன் ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அங்க வந்த ஒருத்தர மறக்கவே முடியலையாம். எப்படியாவது கண்டுபிடிச்சுத் தாங்கன்னு கேட்டாங்க. அதைப் போய் எழுதாம விட்டிருக்கறீங்க."

"சொந்த விஷயத்தை விமர்சனத்துல எழுதப்படாதும்மா" என்றார் அவர். "அதனாலதான் விட்டேன்."

"சொந்த விஷயமா?"

"அந்த ஆள் நான்தானே."

டிரைவர் கோவிந்தப்பன் கண்ணாடியில் ஒருமுறை அவரைப் பார்த்தார்.

"நெசமாவாண்ணா? அப்போ அந்த டீ குடுத்ததெல்லாம் இதுக்குத்தானா?"

"இதுக்குன்னு திட்டம் போட்டா குடுப்பாங்க? பார்த்தேன், குளிர்ல நடுங்கிட்டு இருந்தாங்க, மனசு கேக்கல."

"நடுங்கறவங்ககிட்ட போய் இப்படிப் பண்ண எப்படிண்ணா மனசு வந்துச்சு?"

"அந்த வயசு அப்படி. கூச்சம் பார்த்தா முடியுமா?"

"அவங்க உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கறாங்க."

"உரிமை இருக்கற இடத்துலதானே கோவம் வரும்" என்று சிரித்தார். "இத்தனை வருஷமா நான் எட்டிக்கூடப் பார்க்கலைல்ல."

"இன்னிக்கு அவங்க நேர்ல வந்தா?"

"இன்னிக்கும் அதையேதான் செய்வேன்!"

கோவிந்தப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கழற்றிப் போட்டிருந்த தன் செருப்பை எடுத்து இன்ஜின் மூடிமேல் வைத்துக்கொண்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டார் சௌந்தரராஜன்.

டீ இடைவேளையில், கேன்டீன் மூலையில், இயர்போனைச் செருகிக்கொண்டு அந்த இருபது நிமிஷத்தைத் தேடிப் பிடித்தார்.

"அம்மா ஆசையா வாங்கிக் குடுத்த செருப்பு" என்றார் ஹேமலேகா. குரல் அப்படியே இருந்தது. "சிவப்பு வார், மேல பித்தளைப் பூ, இடது பூவுல ஒரு இதழ் ஒடிஞ்சிருக்கும். ஷாட்டுல வெறுங்காலா ஓடணும்னு மரத்தடியில கழட்டி வெச்சேன். ஒரு கம்பெனி பஸ் நின்னுட்டுப் போச்சு. வந்து பார்த்தா செருப்பு இல்ல. அடுத்த மாசம் அம்மா போயிட்டாங்க. அந்தத் திருடனைப் பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். ஏன்?"

பேட்டி எடுப்பவர் ஏதோ ஆறுதல் சொன்னார். ஹேமலேகா மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரோ ஒரு பையன் டீ கூடக் குடுத்தான். சர்க்கரை ஜாஸ்தி" என்றார்.

சௌந்தரராஜன் அந்த இடத்தை ஆறு முறை திருப்பிப் போட்டுக் கேட்டார். 'யாரோ' என்ற சொல் அவரை அறுத்தது. 'சர்க்கரை ஜாஸ்தி' அவரைத் தூக்கி நிறுத்தியது. இரண்டுக்கும் நடுவில் அழுகை வந்தது. டீ உண்மை. குடித்தது உண்மை. ருசிகூட ஞாபகம் இருக்கிறது.

அப்புறம்தான் காலையில் பஸ்ஸில் தான் எதை ஒப்புக்கொண்டோம் என்பது உறைத்தது.

இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பேட்டியைக் கேட்காமலே விமர்சனம் எழுதினேன் என்று சொல்வது. இன்னொன்று, திருடன் என்ற பெயரோடு இருப்பது. பார்க்காமல் பாஸ் பண்ணினார் என்று தரப் பரிசோதகரைப் பற்றி ஒரு பேச்சு வந்தால் அதற்கப்புறம் அவர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? திருட்டாவது இளமையில் செய்தது. அவர் திருட்டைத் தேர்ந்தெடுத்தார்.

'ஆம், எடுத்தவன் நானே. பத்திரமாக வைத்திருக்கிறேன்' என்று குழுவில் எழுதினார். கடைசி வாக்கியம் தேவையே இல்லை. கௌரவமான திருடனாக இருக்கலாமே என்று சேர்த்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஏறியதும் மேகலா போனை நீட்டினாள். "அண்ணா, நீங்க எழுதினதை அப்படியே வீடியோவுக்குக் கீழ போட்டேன். அவங்க ஆளுங்களே பதில் போட்டிருக்கறாங்க! ஞாயித்துக்கிழமை ஹேமலேகா கார்ல பெங்களூர் போறாங்களாம். குருபரப்பள்ளியில நிறுத்தி, உங்க வீட்டுக்கே வந்து செருப்பை வாங்கிக்கறாங்களாம்!"

அன்றைக்கு வியாழக்கிழமை.

குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், நெடுஞ்சாலை ஓரம் இருந்த முனீர் அகமதுவின் செருப்புக் கடைக்குள் நேராகப் போனார்.

"பாய், பொம்பளைங்க செருப்பு. சிவப்பு வார். பித்தளைப் பூ வேணும். இடது பூவுல ஒரு இதழ் ஒடிஞ்சிருக்கணும்."

"ஒடிஞ்சதா?"

"ஒடிச்சுக் குடுங்க. அப்புறம் பார்க்கறதுக்கு இருபத்தெட்டு வருஷப் பழசா இருக்கணும்."

முனீர் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சார், இந்தக் கடைக்கு எல்லாரும் பழசைப் புதுசாக்கத்தான் வருவாங்க. நல்ல செருப்பை நாசம் பண்ணச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். சனிக்கிழமை வாங்க. செஞ்சு தர்றேன், பழசாக்கறது உங்க பாடு."

சனிக்கிழமை மாலை சௌந்தரராஜன் வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்திருந்தார். செருப்பு அவர் காலுக்கு நுழையவில்லை. கையில் மாட்டிக்கொண்டு கல்லில் வரட்டு வரட்டென்று தேய்த்தார். தேயவில்லை. முனீர் அகமதுவின் சரக்கு கெட்டி. மண்ணைப் போட்டுத் தேய்த்தார். இப்போது அது பழைய செருப்பாக இல்லாமல், சேற்றில் விழுந்த புதுச் செருப்பாக இருந்தது. சேறு போகத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். பளபளவென்று முன்னைவிடப் புதுசாகிவிட்டது.

"கையில செருப்பை மாட்டிக்கினு என்னங்க பண்றீங்க?"

வீரலட்சுமி துணி எடுக்க வந்திருந்தாள்.

அவரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. முதல் பீஸ், நடு பீஸ், கடைசி பீஸ் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நாளைக்கு அவங்க வந்து இது என் செருப்பு இல்லைன்னு சொல்லிட்டா நான் திருடன் மட்டும் இல்ல, புளுகனும் ஆயிடுவேன். அதுகூடப் பரவாயில்ல வீரா. அந்த டீயும் பொய்யின்னு ஆயிடும். என் வாழ்க்கையில ஒரே ஒரு நல்ல காலை. அதுவும் போயிடும்."

வீரலட்சுமி அந்தச் செருப்பை வாங்கிப் பார்த்தாள்.

"இதழ் ஒடிஞ்சது எடதுல இல்ல" என்றாள். "வலதுல."

"அவங்களே எடதுன்னுதான் சொன்னாங்க. உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் உள்ளே போனாள். இரும்புப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி. ஊர் உலகத்துச் சரக்கையெல்லாம் செக் பண்ணுகிற சௌந்தரராஜன் அதை மட்டும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

மஞ்சளேறிய செய்தித்தாள் பொட்டலத்தை அவள் கல்மேல் வைத்துப் பிரித்தாள். சிவப்பு வார். பித்தளைப் பூ. வலது பூவில் ஓர் இதழ் இல்லை.

நாளைக்கு ஹேமலேகா கேட்கப்போகிற அதே ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வந்தது.

"ஏன்?"

வீரலட்சுமி அவர் முகத்தைப் பார்க்காமல், கொடியிலிருந்து துணியை உருவி மடித்தபடி சொன்னாள்:

"நாலு மாசமா எனக்குக் குடுத்துக்கினு வந்த மூடி டீயை, அன்னிக்கு என் கண்ணு முன்னாடியே கொண்டுபோய் அவளுக்குக் குடுத்தீங்களே, ஏன்?"