கையெழுத்துக்கு மேலே ஒரு கொள்ளுத்தாத்தா

காஞ்சிபுரம்,
2-11-1969

ஆரணி ராமலிங்க முதலியார் அவர்கள் சமூகத்துக்கு, பிள்ளையார்பாளையம் நமச்சிவாயம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. ஐப்பசி மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறியது நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். அங்கே தாங்களும், வீட்டில் அம்மாளும், மாப்பிள்ளை ஆகவேண்டிய கந்தனும் நலமாக இருக்க ஏகாம்பரநாதர் பார்த்துக்கொள்வார். என் போன கடிதத்தில் பின்குறிப்பு கடிதத்தைவிட நீளம் என்றும், கையெழுத்துக்குக் கீழே இருப்பதைப் படிக்கும் பழக்கமே தங்களுக்குக் கிடையாது, அப்படியே மடித்து வைத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆகவே இந்த முறை எல்லாவற்றையும் கையெழுத்துக்கு மேலேயே சொல்லிவிடுகிறேன்.

தங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அர்ஜுனன் என்பவர் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு காஞ்சிக்கு ஓடிவந்தவர், அவர்தான் என் கொள்ளுத்தாத்தா என்று ஆகிவிட்டால் நாம் பங்காளிகள், கந்தனும் என் அம்சவேணியும் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது, ஆகவே என் கொள்ளுத்தாத்தா பெயரைத் தெரிந்து எழுதினால்தான் தை மாதம் முகூர்த்தம் என்றீர்கள். நியாயம்தான். இரண்டு வீட்டாரும் அர்ச்சனைக்குச் சிவகோத்திரம் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் கோத்திரமும் கைகொடுக்கவில்லை. முப்பது வருஷம் தபால் ஆபீசில் விலாசமில்லாத கடிதத்துக்கெல்லாம் ஆள் கண்டுபிடித்தவன் நான். சொந்தக் கொள்ளுத்தாத்தாவைப் பிடிக்க எத்தனை நாள் ஆகிவிடும் என்று நினைத்தேன். நாலு மாதம் ஆயிற்று. என் அப்பா அவரைக் கடைசிவரை 'தாத்தா' என்றே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

கோயில் மண்டபத்தில் தரைக்கல் ஒன்றில் எங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் வெட்டியிருக்கிறது என்று பக்கத்துத் தறிக்காரர் சொன்னார். நான் ஈரவேட்டியோடு மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லிலும் திருநீறு தடவி எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். ஓர் அம்மாள் வழிமறித்து, "இன்னா வேண்டுதல்பா?" என்றாள். "பொண்ணு கல்யாணம்" என்றேன், அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அவள் உடனே என் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இரண்டு பேர் உருண்டுகொண்டு வருகிறார்கள், அவர்கள் வீட்டிலும் பெண் இருக்கிறதாம். மூன்று சுற்று வந்தோம். கொள்ளுத்தாத்தா கிடைக்கவில்லை, எனக்கு ஜலதோஷம் கிடைத்தது.

அடுத்தபடி பழைய இறப்புப் பதிவேட்டைப் பார்த்தேன். 1899, எங்கள் தெரு, எங்கள் வீடு, வயது எழுபது, நோய் பேதி, எல்லாம் சரியாக இருந்தது. பெயர் என்ற இடத்தில் மட்டும் 'சொல்ல மறுப்பு' என்று எழுதியிருந்தது. தகவல் கொடுத்தவர், மருமகள் ஏலவார்குழலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் தாத்தாவின் தம்பி மனைவியான அந்த ஏலவார்குழலி சின்னாயா எண்பத்தெட்டு வயதில் அடுத்த தெருவில் முறுக்குக் கடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். ஓடினேன். "ஆம்பளைங்க எல்லாம் சுடுகாட்டுக்குப் பூட்டாங்க, என்னை ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க. சர்க்கார் ஆளு அதட்டிக்கினே இருந்தான். மாமனார் பேரை வாயால சொல்லமாட்டேன்னு நின்னவ நானு. அவனுக்கே சொல்லல, இன்னிக்கி உனுக்கு சொல்லிடுவேனாபா?" என்றாள். "சின்னாயா, பொண்ணு கல்யாணம் நின்னுடும்" என்றேன். "நிக்கட்டும். மரியாதைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

சரி, நானே பெயர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டாவது இருங்கள் என்று சொல்லி ராஜகோபால், கந்தன், திருஞானசம்பந்தம், ராமலிங்கம் என்று நாற்பது பெயர் சொன்னேன். அவள் பாட்டுக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் "அர்ஜுனன்" என்றேன். முறுக்கைக் கீழே போட்டாள், முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள், எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள். சம்பந்தமில்லாத ஆரணிக்காரன் பெயரைச் சொன்னதில் அவளுக்கு அவ்வளவு கோபம். இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆகவே என் கொள்ளுத்தாத்தா பெயர் எதுவானாலும் சரி, அர்ஜுனன் இல்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்சவேணிக்கு ஆவணியோடு இருபத்தாறு முடிந்தது. ஐந்து இடம் வந்து தட்டிப்போயிற்று. கந்தன் பெண் பார்க்க வந்த அன்று ஏதோ சொன்னாராம், சமையல்கட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். தாங்கள் தை மாதத்தில் நாள் பார்த்து எழுதினால் அந்தச் சிரிப்புக்காகத் தங்களுக்குக் காலமெல்லாம் நன்றி சொல்வேன். அம்மாளுக்கு என் வணக்கம், கந்தனுக்கு என் ஆசிகள், தங்கள் தறிகள் ஓயாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகக் காத்திருக்கும்
நமச்சிவாயம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். கல்யாண வேலையை இப்போதே தொடங்கலாம் என்று அம்சவேணி வெந்நீர் அண்டாவைப் புளிபோட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வருஷமாக அந்த அண்டாத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், கரிக்குள்ளே செம்பு இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். அண்டாவின் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. 'ஆரணி அர்ஜுனன்.' சின்னாயாவுக்கு வந்தது கோபமில்லை. மாமனார் பெயர் காதில் விழுந்தால் ஒரு மருமகள் வேறென்ன செய்வாள்?

அம்சவேணியும் படித்துவிட்டாள். நான் பின்னால் நிற்பது தெரியாமல் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள். பிறகு அடுப்புக் கரியை எடுத்து அந்த எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தாள். என்னைப் பார்த்ததும், "இது வெளக்கினா போற கரி இல்லபா. அப்பிடியே அடுப்புல ஏத்திடலாம்" என்றாள். "ஏத்திடலாம்மா" என்றேன். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

தெரிந்ததை மறைத்தான் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லக்கூடாது, ஆகவே உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். தாங்களும் தங்கள் பழக்கத்தை எனக்காக மாற்றிக்கொள்ள வேண்டாம். இதன் கீழே நான் கையெழுத்துப் போடவில்லை.